நாளைக்கு லீவா, டீச்சர்?



வானம் கறுத்து, மழை பிடித்துக்கொண்டால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? எனக்குத் தெரியும். "நாளைக்கு லீவு விடுவாங்களா?" என்றுதானே!

முப்பத்தைந்து ஆண்டுகள் பழனி மலைக் கிராமங்களில் டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் போதும். கடைசி மணி அடிப்பதற்குள் யாராவது ஒரு வால் எழுந்து நின்று, "நாளைக்கு லீவா, டீச்சர்?" என்று கேட்டுவிடும். வகுப்பே என் வாயைப் பார்க்கும்!

உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். மழை என்றால் எனக்கும் விளையாட்டுத்தான். ஆனால், ஒரே ஒரு மழை நாள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்கு முன், ஒரு கேள்வி.

கடலே இல்லாத ஊருக்குப் புயல் வருமா?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாகப்பட்டினம் கடற்கரையோ இங்கிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால். அப்படி இருக்க, வங்காள விரிகுடாவில் பிறக்கும் புயல் நம் மலைக்கு எப்படி வருகிறது?

புயலுக்குச் சாப்பாடு எது தெரியுமா? வெதுவெதுப்பான கடல் நீர்! கடலின் மேல்மட்டம் சுமார் 26, 27 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஏராளமான நீராவி மேலே எழும். அது குளிர்ந்து மேகமாகும்போது வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம்தான் புயலைச் சுழல வைக்கிறது. கரை ஏறியதும் அதற்குச் சாப்பாடு கிடைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக அதன் பலம் குறையும்.

ஆனால், காற்றின் வேகம் குறைந்தாலும், கடலிலிருந்து சுமந்துவந்த ஈரம் அப்படியே இருக்கும். அந்த ஈரக்காற்று உள்ளே வந்து, நம் மலையில் முட்டும். மலையைத் துளைத்துப் போக முடியுமா? மேலே ஏறித்தான் ஆக வேண்டும். மேலே போகப் போகக் குளிர் கூடும். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். வத்தலக்குண்டில் வியர்த்துக் கொட்டிய நாம், பெருமாள்மலை வந்ததும் ஸ்வெட்டரைத் தேடுகிறோம் அல்லவா? அதே கதைதான். குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தையும் சுமக்க முடியாது. மொத்தத்தையும் மழையாகக் கொட்டிவிடும்.

ஆக, கரையில் காற்றாக வந்தவன், மலையில் தண்ணீராக வருவான். அந்தத் தண்ணீரை நான் நேரில் பார்த்தது 1977-ஆம் ஆண்டில்.

செவத்தண்ணி வருது!

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. கீழ்மலை அடிவாரத்தில் ஒரு சிறிய கிராமம் எங்களுடையது. ஊருக்கும் எங்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஓர் ஓடை. பெரும்பாலான நாட்களில் அதில் கணுக்கால் அளவு தண்ணீர்தான் ஓடும். ஓடைக்கு நடுவே சின்ன மேடு ஒன்று. அதில் எப்போதும் பச்சைப் புல் இருக்கும்.

நவம்பர் 12, சனிக்கிழமை. தீபாவளி முடிந்த வாரம். அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு புயல் கரை கடந்திருந்தது. எங்களுக்கு அது தெரியாது. ஊருக்கே பஞ்சாயத்து ரேடியோ ஒன்றுதான். அதுவும் அன்று பாடவில்லை.

காலையெல்லாம் மழை. மதியம் கொஞ்சம் விட்டது. "ஆட்டை மேய்ச்சுட்டு வா. மழை நாளு. ஓடைக்குள்ள கட்டாத" என்று அப்பத்தா சொல்லி அனுப்பினார். வெள்ளச்சி என்று ஒரு வெள்ளாடு. சினை ஆடு. குட்டி போட்டதும் விற்று, எனக்கும் தம்பிக்கும் நோட்டுப் புத்தகம், துணிமணி வாங்க வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கரையில் நின்று மேய்த்தால் விளையாட முடியாதே! மழைதான் நின்றுவிட்டதே என்று, ஓடை நடுவே இருந்த மேட்டில் முளை அடித்து, கயிற்றால் வெள்ளச்சியை இறுக்கிக் கட்டிவிட்டேன். கரையில் மற்றப் பிள்ளைகளுடன் பாண்டி ஆடப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெள்ளச்சி விடாமல் கத்தியது. திரும்பிப் பார்த்தேன். ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. ஆனால், ஓடைத் தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஆட்டை அவிழ்க்கத் தண்ணீரில் இறங்கினேன்.

"ஏ புள்ள! அங்கனயே நில்லு! செவத்தண்ணி வருது! ஏறுடி மேல!"

அப்பத்தாவின் குரல். நான் அதுவரை அப்படி ஒரு குரலை அவரிடம் கேட்டதே இல்லை. குனிந்து பார்த்தேன். சற்று முன் தெளிவாக இருந்த தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும், சுள்ளியும், நுரையும் மிதந்து வந்தன. மண் வாடை அடித்தது. எங்கோ மேலே லாரி வருவது போல 'கடகட' என்று ஓர் ஓசை. தண்ணீரோடு கற்கள் உருண்டு வரும் ஓசை அது!

திரும்பி ஓடிவந்து கரை ஏறினேன். ஏறி மூச்சு வாங்குவதற்குள், நான் நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். மேட்டையும் காணோம், வெள்ளச்சியையும் காணோம்.

கயிறு போட்டுக் கட்டியது நான்தான். கட்டாமல் விட்டிருந்தால் அது தானாகவே கரை ஏறியிருக்கும். இன்று வரை அது என் மனதில் இருக்கிறது.

அன்று இரவு அப்பத்தா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது! ஊரில் பலருக்குக் கூரை போய்விட்டதால், எங்கள் வீட்டில் நாலு வீட்டுப் பிள்ளைகள் படுத்திருந்தோம். அப்பத்தா சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். "ஒன்பது. எல்லாம் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதன் பிறகுதான் படுத்தார்.

எங்கள் ஓடை மட்டுமா?

எங்களுடையது ஒரு சின்ன ஓடைதான். மலையில் அப்படி நூற்றுக்கணக்கான ஓடைகள் உண்டு. எல்லாம் ஒன்று சேர்ந்தால்?

கீழ்மலையில் பிறந்து, திண்டுக்கல் பக்கமாக ஓடி, அமராவதியில் கலக்கும் ஆறு கோடகனாறு. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் அதன் குறுக்கே ஒரு மண் அணை புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அந்த 1977 நவம்பர் வெள்ளம் அங்கே வந்து சேர்ந்தபோது, ஷட்டர்களைத் தூக்கித் தண்ணீரைத் திறந்துவிட ஊழியர்கள் முயன்றார்கள். பாதி தூக்கும்போதே மின்சாரம் போய்விட்டது! ஜெனரேட்டரை ஓட்டினார்கள், கையாலும் சுற்றிப் பார்த்தார்கள். தண்ணீர் காத்திருக்கவில்லை. அணைக்கு மேலேயே வழிந்து, மண் கரையை அரித்து, பல இடங்களில் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. சில உடைப்புகள் 200 மீட்டர் நீளம் வரை இருந்தன. அந்த அணையைப் பிறகு மீண்டும் கட்டினார்கள்.

அந்தப் புயலில் திருச்சி நகருக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திராவின் திவிசீமா பகுதியை வேறொரு புயல் தாக்கியது. கடலே ஊருக்குள் வந்துவிட்டது. பத்தாயிரம் பேருக்கும் மேல் மடிந்தார்கள்.

அதற்கும் முன்பு, 1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து பயணிகளோடு கிளம்பிய ரயிலையே அலைகள் கொண்டுபோயின. இன்றும் தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போனால், இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்கலாம்.

எங்கள் பள்ளி, மழை விட்ட பிறகும் பல நாட்கள் திறக்கவில்லை. வீடு இழந்தவர்கள் அங்கேதான் தங்கியிருந்தார்கள். 'லீவு' என்று யாரும் குதிக்கவில்லை, குழந்தைகளே. எப்போது பள்ளி திறக்கும் என்றுதான் காத்திருந்தோம்.

யானையின் பெயரில் ஒரு புயல்

நாற்பத்தோரு ஆண்டுகள் ஓடின. பாண்டி ஆடிய பெண் டீச்சர் ஆகிவிட்டாள்!

2004-ஆம் ஆண்டிலிருந்து நம் பக்கத்துக் கடல்களில் உருவாகும் புயல்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். சுற்றியுள்ள நாடுகள் பெயர்ப் பட்டியல் கொடுக்கும். அதில் இலங்கை கொடுத்த பெயர் 'கஜா'. கஜம் என்றால் யானை. நம் மலைக்கு யானை புதிதா என்ன? ஆனால், இந்த யானை வேறு மாதிரி வந்தது.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. மாலை மணி அடிக்கும் நேரம். வழக்கமான கேள்வி வந்தது. "நாளைக்கு லீவா, டீச்சர்?"

இந்த முறை எங்களுக்கு முன்கூட்டியே எல்லாம் தெரிந்திருந்தது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, கடலோர ராடார்களைப் பார்த்து, வானிலை ஆய்வு மையம் பல நாட்களாக எச்சரித்துக்கொண்டே இருந்தது. கடலோர மாவட்டங்களில் 80,000-க்கும் அதிகமானவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். "ஆமாம். யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். ஒரே கைதட்டல்!

16-ஆம் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். டெல்டா மாவட்டங்களில் பிள்ளைபோல் வளர்த்த தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன.

வழக்கமாகக் கரை ஏறிய கொஞ்ச நேரத்தில் புயல் சோர்ந்துவிடும் அல்லவா? கஜா சீக்கிரம் சோரவில்லை. மாவட்டம் மாவட்டமாகத் தாண்டிக்கொண்டு, அன்று பகலில் திண்டுக்கல் மாவட்டத்துக்கே வந்துவிட்டது. பிறகு மலையைத் தாண்டி, கேரளம் வழியாக அரபிக் கடலுக்குப் போனது.

எங்கள் மலையில் காற்று ஊளையிட்டது. சாலையோரம் ஓங்கி நின்ற மரங்கள் வரிசையாக விழுந்தன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் போன்ற மரங்களின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. மண் ஊறிவிட்டால், ஒரு தள்ளு போதும், வேரோடு சாய்ந்துவிடும். கொடைக்கானல் போகும் சாலைகளில் மரமும் பாறையும் மண்ணும் குவிந்தன. மண்சரிவில் உயிர்களும் போயின. மின்சாரம் இல்லை, செல்போன் பேசாது, பஸ் வராது. மலை தனித் தீவு ஆகிவிட்டது.

ஐந்தாம் வகுப்பு அறை

காற்று நின்ற பிறகு, அக்கம்பக்கத்து ஆட்களோடு பள்ளியைப் பார்க்கப் போனேன். கேட்டைத் தாண்டியதும் கால் நகரவில்லை.

மைதானத்து ஓரத்தில் நின்ற பெரிய சில்வர் ஓக் மரம், ஐந்தாம் வகுப்பு அறையின் மேல் விழுந்து கிடந்தது. ஓடுகள் நொறுங்கி, உத்தரம் முறிந்து, இரண்டாவது, மூன்றாவது பெஞ்சுகளின் மேல் கிடந்தது. சுவரில் இருந்த கடிகாரமும் கீழே விழுந்து நின்றிருந்தது. மணி பத்து நாற்பது.

வெள்ளிக்கிழமை, பத்து நாற்பது! பள்ளி நடந்திருந்தால் அது கணக்குப் பாட வேளை. அந்த இரண்டு பெஞ்சுகளில் உட்காரும் எட்டுப் பிள்ளைகளின் முகமும் எனக்குத் தெரியும்.

அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு, அலமாரியில் நனையாமல் இருந்த வருகைப் பதிவேட்டை எடுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினேன். வீடு வீடாகப் போனேன். விழுந்த மரங்களுக்கு அடியில் குனிந்தும், மேலே ஏறியும் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பெயரைக் கூப்பிட்டேன்.

"உள்ளேன், டீச்சர்!"

ஒரு குரல் அடுப்படியிலிருந்து வரும். ஒரு குரல் கம்பளிக்குள்ளிருந்து வரும். சிலர் வெளியே வந்து வரிசையில் நிற்பதுபோல நின்றார்கள். கடைசித் தெருவில் ஒரு வீடு பூட்டியிருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர்கள் முந்தின நாளே மாமா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அங்கேயும் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் சுட்ட மக்காச்சோளம் தின்றுகொண்டிருந்தார்கள்!

அறுபத்தோரு பெயர்கள். அறுபத்தொன்றுக்கும் டிக். கடைசி டிக் போட்டபோதுதான் அப்பத்தாவின் சிம்னி விளக்கு ஞாபகம் வந்தது. "எல்லாம் இருக்கு."

லீவு எதற்கு விடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? நாளை மறுநாள் பெயர் கூப்பிடும்போது, ஒருவர் விடாமல் எல்லாரும் "உள்ளேன்" சொல்ல வேண்டும். அதற்குத்தான்! ஓடை பார்க்கப் போகவும், மரத்தடியில் கிரிக்கெட் ஆடவும் அல்ல. கலெக்டர் நம் தாலுகாவுக்கு மட்டும் லீவு விட்டால்கூட, அதற்கு அர்த்தம் 'மலையில் இன்று ஆபத்து அதிகம்' என்பதுதான். போன பாடத்தைச் சனிக்கிழமை வைத்து முடித்துவிடலாம். டீச்சர்கள் அதில் கெட்டிக்காரர்கள்!

மழை லீவில் மறக்கக் கூடாதவை

* ஊரில் மழை இல்லை என்று ஓடையில் இறங்காதீர்கள். மேலே மழை பெய்தால் கீழே வெள்ளம் வரும். பெரியகுளம் கும்பக்கரை அருவியில் அடிக்கடி குளிக்கத் தடை போடுவது இதனால்தான்.

* தண்ணீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலே ஓசை கேட்டாலும் உடனே மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். ஆடு, மாடு, செருப்பு, பந்து எதற்காகவும் திரும்பாதீர்கள். மழை நாளில் ஆடுமாடுகளைத் தாழ்வான இடத்தில் கட்டவும் வேண்டாம்.

* சரிவில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலோ, நேராக இருந்த மரமும் கம்பமும் சாய்ந்தாலோ, சுவரிலிருந்து சேற்றுத் தண்ணீர் வந்தாலோ பெரியவர்களிடம் சொல்லுங்கள். மண் சரியப் போகிறது என்பதற்கு இவை அடையாளம்.

* அறுந்து கிடக்கும் மின்கம்பியின் அருகே போகாதீர்கள். இடி மின்னலில் மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

* காற்று சட்டென்று அடங்கினால் புயல் போய்விட்டது என்று வெளியே ஓடாதீர்கள். அது புயலின் நடுப்பகுதியாக இருக்கலாம். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று மறுபடியும் வீசும்.

* உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ஆம்புலன்சுக்கு 108. இந்த எண்களை இன்றே சுவரில் எழுதி வையுங்கள்.

லீவில் ஒரு வேலை!

சும்மா இருந்தால் போரடிக்குமே என்கிறீர்களா? மழைமானி செய்யலாம், வாருங்கள்.

மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமாக, அடி தட்டையாக உள்ள ஒரு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிப்பக்கம் ஸ்கேலை நேராக ஒட்டுங்கள். ஸ்கேலின் பூஜ்யம் டப்பாவின் உள் அடிமட்டத்துக்கு நேராக இருக்கட்டும். மழை வருவதற்கு முன்பே, மரமும் கூரையும் இல்லாத இடத்தில் காற்றுக்குச் சாயாதபடி கற்களை அணைகொடுத்து வையுங்கள். மழை விட்ட பிறகு, பெரியவர்களிடம் கேட்டுவிட்டு, காலை எட்டரை மணிக்குத் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். வானிலை ஆய்வு மையமும் காலை எட்டரைக்குத்தான் மழையைக் கணக்கிடுகிறது!

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் தண்ணீர். 50 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள பள்ளி மைதானத்தில் 100 மில்லிமீட்டர் பெய்தால்? இரண்டு லட்சம் லிட்டர்! ஒரு மைதானத்துக்கே இவ்வளவு என்றால், ஒரு மலைக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையை 'அதிகனமழை' என்பார்கள். சிவப்பு எச்சரிக்கை கொடுப்பது அதற்குத்தான்.

அந்த ஐந்தாம் வகுப்பு அறைக்கு இப்போது புதுக் கட்டடம் வந்துவிட்டது. பெஞ்சுகளும் புதிது. இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த வால் ஒன்று இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால், இன்னமும் கையைத் தூக்கி, "உள்ளேன், டீச்சர்!" என்பாள்.

அடுத்த மழைக்கு லீவு விட்டால் நீங்களும் வீட்டில் பத்திரமாக இருங்கள். மறுநாள் உங்கள் டீச்சர் பெயர் கூப்பிடும்போது, கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். என்ன, சரிதானே?